ஒரே கணக்கு, பல யூனிக்ஸ்: லாகின் மக்கர் செய்தால் எங்கே கை வைப்பது

டெபியன் லினக்ஸ் ஏற்கிற கடவுச்சொல்லை ஃப்ரீபிஎஸ்டி ஏற்காது. ஒரு மெஷினில் எழுதிய கோப்பு இன்னொன்றில் ‘நோபடி’ (உரிமையாளர் யாரென்று தெரியாதபோது வரும் பெயர்) பெயரில் நிற்கும். வேலையை விட்டுப் போனவர் இன்னமும் உள்ளே வந்து போவார். ஒரே டைரக்டரியிலிருந்து (பயனர் விவரங்களை ஓரிடத்தில் வைத்திருக்கும் சர்வர்) பல வகை யூனிக்ஸ் மெஷின்களுக்குக் கணக்கு கொடுக்கும் இடங்களில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் இவை.

இங்கே எடுத்துக்கொண்ட அமைப்பு இது: ஓப்பன்எல்டாப் சர்வர் (எல்டாப் நெறிமுறையில் பேசும் டைரக்டரி) இரண்டு, சில இடங்களில் அதோடு எம்ஐடி கெர்பரோஸ் (சிறிது நேரம் செல்லும் ‘டிக்கெட்’ தந்து ஆளை உறுதிசெய்யும் முறை), லினக்ஸ் மெஷின்களில் எஸ்எஸ்எஸ்டி, ஃப்ரீபிஎஸ்டியில் என்எஸ்எல்சிடி (இரண்டும் டைரக்டரியிடம் கேட்டு மெஷினுக்குப் பதில் சொல்லும் சேவைகள்), ஓரிரு ஓப்பன்பிஎஸ்டியும் மேக்கும், வீட்டு அடைவுகள் என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு) வழியாக.

## எதையும் தொடுவதற்கு முன்

ரூட் கணக்கு (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கு) எப்போதும் அந்தந்த மெஷினிலேயே இருக்க வேண்டும், டைரக்டரியில் அல்ல. பாம் கோப்பையோ (லாகினை அனுமதிக்கும் விதிகள்) என்எஸ்ஸ்விட்ச் கோப்பையோ (பயனர் பெயரை எங்கே தேடுவது என்னும் வரிசை) திருத்தப் போகிறீர்கள் என்றால், ரூட்டாக ஒரு முனையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொன்றில் சோதியுங்கள். பாம் கோப்பில் ஒரு வரி தப்பினால் எல்லோருக்கும் கதவு அடைபடும். திறந்திருக்கும் அந்த முனையம்தான் அப்போது கைகொடுக்கும்.

அடுத்து, கோளாறு எந்தப் பாதியில் என்று பிரியுங்கள். ‘ஐடி கவிதா’ என்று கட்டளை கொடுத்தால் எண்ணும் குழுக்களும் வருகின்றனவா? லினக்ஸ், பிஎஸ்டி, மேக் எல்லாவற்றிலும் இந்தக் கட்டளை உண்டு. பதில் வராவிட்டால் மெஷினுக்கு ஆளையே தெரியவில்லை; கடவுச்சொல் பக்கம் போகவே வேண்டாம். பதில் வந்தும் லாகின் ஆகவில்லையா? ஆள் தெரிகிறார், அனுமதிதான் சிக்கல். என்எஸ்ஸ்விட்ச் பக்கம் போக வேண்டாம். இதைப் பிரிக்காமல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திருத்துவதால்தான் பாதி நாள் வீணாகிறது.

மூன்றாவது, எந்த நெருக்கடியிலும், சர்வர் உண்மையானதுதானா என்று பார்க்கும் சான்றிதழ் சரிபார்ப்பை ‘நெவர்’ என்று மாற்றாதீர்கள். மாற்றியதும் லாகின் வேலை செய்யும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அன்று முதல் நெட்வொர்க்கில் நடுவில் உட்கார்ந்து சர்வர் வேஷம் போடும் எவருக்கும் உங்கள் ஆட்களின் கடவுச்சொல் அப்படியே போய்ச் சேரும்.

## அறிகுறி 1: ‘அப்படி ஒரு பயனர் இல்லை’

முதலில், ஒரு மெஷினிலா, எல்லாவற்றிலுமா?

### ஒரே ஒரு மெஷினில் மட்டும்

கோளாறே இல்லாமல் இருக்கலாம். பயனர், குழு விவரம் கேட்கும் கெட்டென்ட் கட்டளையில் பெயர் குறிப்பிடாமல் முழுப் பட்டியல் கேட்டால் எஸ்எஸ்எஸ்டி டைரக்டரிப் பயனர்களைக் காட்டாது. பட்டியலிடுதல் இயல்பிலேயே அணைத்து வைக்கப்பட்டது. பெயர் சொல்லிக் கேட்டால் வருகிறது என்றால் எல்லாம் சரி.

சேவை ஓடவில்லை. லினக்ஸில் சிஸ்டம்சிடிஎல் மூலம் எஸ்எஸ்எஸ்டியின் நிலையைப் பாருங்கள். கிளம்பவே மறுத்தால் அதன் அமைவுக் கோப்பின் உரிமையைப் பாருங்கள்: உரிமையாளர் ரூட், அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத). எடிட்டரில் திறந்து புதிதாகச் சேமித்ததில் 644 (எல்லோரும் படிக்கலாம்) ஆகிவிட்டாலே பல பதிப்புகள் கிளம்ப மறுக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் ஆர்சி கான்ஃப் கோப்பில் என்எஸ்எல்சிடி எனேபிள் வரி ‘யெஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். கையால் கிளப்பிவிட்டு இந்த வரியை மறந்தால் அடுத்த ரீபூட் வரைதான் எல்லாம் நன்றாக இருக்கும்.

என்எஸ்ஸ்விட்ச் வரி. லினக்ஸில் பயனர் வரியும் குழு வரியும் ‘ஃபைல்ஸ் எஸ்எஸ்எஸ்’. ஃப்ரீபிஎஸ்டியில் இந்த வரிகள் ‘காம்பேட்’ என்று வரும். அதன் பக்கத்தில் ‘எல்டாப்’ என்று சேர்த்தால் போதும் என்று நினைப்பது வழக்கமான தவறு. காம்பேட் இருந்தால் அது மட்டும்தான் இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டு ‘ஃபைல்ஸ் எல்டாப்’ என்று எழுதுங்கள். ஃபைல்ஸ் எப்போதும் முதலில்.

பழைய கேஷ் (முன்பு வாங்கிய பதில்களின் சேமிப்பு). புதிதாகச் சேர்த்த ஆள் தெரியவில்லை என்றால் எஸ்எஸ்எஸ்-கேஷ் கட்டளையைப் பெரிய ஈ விருப்பத்தோடு ஓட்டி மறுபடி கேளுங்கள். கூடவே என்எஸ்சிடி என்னும் இன்னொரு கேஷ் சேவையும் ஓடுகிறதா என்று பாருங்கள். அதுவும் எஸ்எஸ்எஸ்டியும் தனித்தனியே கேஷ் வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று முரணான பதில் தரும். பயனர், குழு இரண்டுக்கும் என்எஸ்சிடியை நிறுத்துங்கள்.

எண் வரம்பு, அதாவது இதற்குக் கீழான பயனர் எண்ணை ஏற்காதே என்னும் அமைவு. எஸ்எஸ்எஸ்டியில் மின்-ஐடி, என்எஸ்எல்சிடியில் என்எஸ்எஸ்-மின்-யுஐடி. வரம்பை 1000 என்று வைத்து, பழைய ரெட்ஹேட் காலத்தில் 500-இல் தொடங்கிய கணக்குகளை இறக்கியிருந்தால், அவர்கள் மட்டும் காணாமல் போவார்கள்.

ஓப்பன்பிஎஸ்டி என்றால் தேடும் இடமே வேறு. அங்கே என்எஸ்ஸ்விட்சும் இல்லை, பாமும் இல்லை. ஒய்பி-எல்டாப் எல்டாப் தகவலை வாங்கி, என்ஐஎஸ் என்னும் பழைய கணக்குப் பகிர்வு முறையின் வடிவில் மெஷினுக்குத் தரும். போர்ட்மேப், ஒய்பி-எல்டாப், ஒய்பி-பைண்ட் மூன்றும் ஓடுகின்றனவா, மாஸ்டர் பாஸ்வேர்டு கோப்பின் கடைசியில் கூட்டல் குறியில் தொடங்கும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரியை விஐபிடபிள்யூ கட்டளை வழியாக மட்டுமே சேர்க்க வேண்டும்.

மேக்கில் கெட்டென்ட் கிடையாது. டிஎஸ்-கேஷ்யுடில் மூலம் கேளுங்கள். டைரக்டரி யுடிலிட்டியில் சர்வரைச் சேர்த்துவிட்டுத் தேடல் வரிசையில் சேர்க்காமல் விட்டிருப்பதுதான் அங்கே முதல் காரணம்.

### எல்லா மெஷின்களிலும் ஒரே நேரத்தில்

சர்வர் உயிரோடு இருந்தும் யாரையும் தெரியவில்லை என்றால் டைரக்டரியில் தேடும் எல்டாப்சர்ச் கட்டளையை ஓட்டிப் பாருங்கள், ஆனால் சேவைக் கணக்கின் (மெஷின்கள் டைரக்டரியைப் படிக்கப் பயன்படுத்தும் கணக்கு) பெயரிலேயே ஓட்டுங்கள். வரும் பிழை எண்ணே பதில்:

- 49: சேவைக் கணக்கின் கடவுச்சொல் செல்லவில்லை. கடவுச்சொல் காலாவதிக் கொள்கையை எல்லோருக்கும் போட்டபோது சேவைக் கணக்கும் அதில் மாட்டியிருக்கும். கொள்கை போட்ட நாளிலிருந்து சரியாக அந்தக் கெடு முடிந்த காலையில் எல்லா மெஷினும் ஒன்றாகப் படுக்கும். சேவைக் கணக்குக்குத் தனிக் கொள்கை கொடுங்கள்.
- 32: தேடும் கிளையின் பெயர் தவறு. எழுத்துப் பிழையைத் தேடுங்கள். பெயர் சரியாக இருந்தால், அந்தக் கிளையைப் பார்க்க இந்தக் கணக்குக்கு அனுமதியே இல்லாமல் இருக்கலாம்.
- 13: குறியாக்கம் இல்லாமல் வந்ததால் சர்வர் மறுக்கிறது. சர்வர் சரியாகத்தான் நடந்துகொள்கிறது, கிளையன்ட்டைத் திருத்துங்கள்.
- மைனஸ் 1: சர்வரைத் தொடவே முடியவில்லை. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 2: ‘எல்டாப் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’

389 அல்லது 636 போர்ட் திறந்திருக்கிறதா என்று நெட்கேட்டில் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். திறந்திருந்தும் மைனஸ் 1 வந்தால் பத்தில் ஒன்பது தடவை சான்றிதழ்தான். ஆனால் பிழைச் செய்தி அப்படிச் சொல்லாது, நெட்வொர்க் அறுந்ததுபோலவே சொல்லும்.

பெயர் பொருந்தவில்லை. அமைவில் சர்வரை ஐபி எண்ணாலோ குறும்பெயராலோ எழுதியிருந்து, சான்றிதழில் முழுப்பெயர் மட்டும் இருந்தால் ஒத்துக்கொள்ளாது. சான்றிதழில் உள்ள முழுப்பெயரையே எல்லா மெஷினிலும் எழுதுங்கள்.

இரண்டு முறையையும் கலந்துவிட்டது. எல்டாப்ஸ் என்று தொடங்கும் முகவரி (முதலிலிருந்தே குறியாக்கம்) 636-க்கு, ஸ்டார்ட்-டிஎல்எஸ் (இணைந்த பிறகு குறியாக்கம்) 389-க்கு. முகவரியில் எல்டாப்ஸ் எழுதி, கூடவே ஸ்டார்ட்-டிஎல்எஸ்ஸையும் இயக்கினால் இணைப்பு அங்கேயே முறியும். ஏதாவது ஒன்றுதான்.

காலாவதி. ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்-கிளையன்ட் கட்டளையால் சான்றிதழை வாங்கித் தேதியைப் பாருங்கள். இரண்டு சர்வர் இருந்தால் இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள். ஒன்றைப் புதுப்பித்துவிட்டு மற்றதை மறந்தால் கோளாறு வந்து வந்து போகும்.

கட்டளை வேலை செய்கிறது, லாகின் செய்யவில்லை. இதுதான் அதிகம் குழப்புவது. எல்டாப்சர்ச் படிக்கும் அமைவுக் கோப்பு வேறு, எஸ்எஸ்எஸ்டியும் என்எஸ்எல்சிடியும் படிக்கும் கோப்பு வேறு. எல்டாப்சர்ச்சின் கோப்பு டெபியனில் ஈடிசிக்குள் எல்டாப் அடைவில். ரெட்ஹேட் குடும்பத்தில் ஈடிசிக்குள் ஓப்பன்எல்டாப் அடைவில். ஃப்ரீபிஎஸ்டியில் யுஎஸ்ஆர்-லோக்கல்-ஈடிசிக்குள் ஓப்பன்எல்டாப் அடைவில். வேர்ச்சான்றிதழின் (சர்வர் சான்றிதழ் நம்பகமானது என்று காட்டும் மூலச்சான்றிதழ்) பாதையை எஸ்எஸ்எஸ்டி கோப்பிலும் என்எஸ்எல்சிடி கோப்பிலும் தனியே எழுதிவிடுங்கள். எழுதியும் நடக்கவில்லையா? அந்தச் சான்றிதழ்க் கோப்பை ரூட் மட்டும் படிக்கும்படி 600-இல் வைத்திருப்பீர்கள். என்எஸ்எல்சிடி தன் பெயரிலான தனிக் கணக்கில் ஓடுவது. அதனால் திறக்க முடியாது. வேர்ச்சான்றிதழ் ரகசியமல்ல, 644 வையுங்கள். அதே கைவேகத்தில் என்எஸ்எல்சிடி அமைவுக் கோப்பையும் திறந்துவிடாதீர்கள். அதில் சேவைக் கணக்கின் கடவுச்சொல் இருக்கிறது.

இடைச் சான்றிதழ் (வேருக்கும் சர்வருக்கும் நடுவில் உள்ளது) வரவில்லை. சர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்பி இடையில் உள்ளதை அனுப்பாவிட்டால், இடைச்சான்றிதழைக் கையில் வைத்திருக்கும் மெஷின் ஏற்கும், இல்லாதது மறுக்கும். சர்வர் பக்கம் சங்கிலி முழுவதையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

வேர்ச்சான்றிதழே காலாவதியாகி எல்லா மெஷினிலும் மாற்ற வேண்டிய நிலை வந்தால், அல்லது அதன் தனிச்சாவி வெளியே போயிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தால், பழகிய வல்லுநரைக் கூப்பிடுங்கள். பழையதும் புதியதும் சில வாரம் கூடவே இருக்கும்படி மாற்றத் தெரிந்தவர் செய்யாவிட்டால் ஊரே ஒரே நாளில் வெளியே நிற்கும்.

## அறிகுறி 3: ஆள் தெரிகிறார், கடவுச்சொல் ஏற்கவில்லை

எல்டாப்-ஹூ-ஆம்-ஐ கட்டளையை அந்தப் பயனரின் பெயரிலேயே, ஸ்டார்ட்-டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்கும் இரட்டை இசட் விருப்பத்தோடு ஓட்டச் சொல்லுங்கள்.

### அங்கேயும் மறுக்கிறது

சர்வர் பக்கம்தான். தவறாகப் பலமுறை தட்டியதில் கணக்கு பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பதிவில் கணக்குப் பூட்டிய நேரம் என்ற பண்பு இருக்கிறதா பாருங்கள். பூட்டைத் திறந்த பத்து நிமிடத்தில் மறுபடி பூட்டினால், பழைய கடவுச்சொல்லோடு எங்கோ ஒரு மெஷினில் நேரம் குறித்துத் தானாக ஓடும் கிரான் வேலையோ செல்பேசியின் மெயில் செயலியோ முட்டிக்கொண்டிருக்கிறது. சர்வர் லாகில் (நிகழ்வுப் பதிவில்) எந்த ஐபியிலிருந்து 49 வருகிறது என்று தேடினால் ஆள் அகப்படுவார்.

### அங்கே ஏற்கிறது, லாகினில் மட்டும் மறுக்கிறது

ஷெல் (லாகினுக்குப் பின் கட்டளைகளை வாங்கும் நிரல்) இல்லை. முதலில் இதைப் பாருங்கள், ஏனென்றால் இது கடவுச்சொல் தவறு போலவே வேஷம் போடும். டைரக்டரியில் லாகின் ஷெல் ‘பின் அடைவில் பேஷ்’ என்று இருக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் பேஷ் இருப்பது யுஎஸ்ஆர்-லோக்கல்-பின் அடைவில். சொன்ன இடத்தில் ஷெல் இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் முறை) சர்வர் அந்த ஆளையே அனுமதிக்காது. ஆனால் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே இருக்கும், எத்தனை தடவை சரியாகத் தட்டினாலும் தவறு என்றே சொல்லும். சர்வரின் ஆத் லாகில் மட்டும் ‘ஷெல் இல்லை’ என்று ஒரு வரி கிடக்கும். எளிய தீர்வு, டைரக்டரியில் எல்லோருக்கும் பின் அடைவின் எஸ்எச். அது எல்லா யூனிக்ஸிலும் அதே இடத்தில் இருக்கிறது. பேஷ்தான் வேண்டுமென்றால் என்எஸ்எல்சிடியின் மேப் வரியில் ஃப்ரீபிஎஸ்டிக்கான பாதையை எழுதுங்கள்.

பாம் வரி தவறான கோப்பில். டெபியனில் பாம்-ஆத்-அப்டேட், ரெட்ஹேட்டில் ஆத்செலக்ட் பார்த்துக்கொள்ளும். ஃப்ரீபிஎஸ்டியில் கையால்தான். ‘சிஸ்டம்’ என்ற பாம் கோப்பில் போட்டால் எஸ்எஸ்எச்சுக்கும் செல்லும் என்று நினைக்காதீர்கள், எஸ்எஸ்எச்டிக்குத் தனிக்கோப்பு. பாம்-எல்டாப் வரி ‘சஃபிஷியன்ட்’ என்று, பாம்-யூனிக்ஸ் வரிக்கு மேலே, யுஎஸ்ஆர்-லோக்கல்-லிப் என்று முழுப்பாதையோடு வர வேண்டும். சூடூ (ரூட் உரிமையில் கட்டளை ஓட்டுவது) தன் பாம் கோப்பை யுஎஸ்ஆர்-லோக்கல்-ஈடிசிக்குள் வைத்திருக்கிறது, அதுவும் தனி.

குறியாக்கம் இல்லை. எஸ்எஸ்எஸ்டி டிஎல்எஸ் இல்லாத வழியில் கடவுச்சொல்லை அனுப்பவே அனுப்பாது. ஆள் தெரிகிறார், கடவுச்சொல் மட்டும் ஏறவில்லை, எஸ்எஸ்எஸ்டி மட்டும் மறுக்கிறது என்றால் காரணம் இதுதான். இந்தக் கண்டிப்பை நன்றி சொல்லி வைத்துக்கொண்டு டிஎல்எஸ்ஸைச் சரிசெய்யுங்கள்.

ஹேஷ் (கடவுச்சொல்லைத் திருப்ப முடியாதபடி உருமாற்றியது) வடிவம். சில மெஷின்களில் மட்டும் ஏற்பதும் சிலவற்றில் மறுப்பதும் ஒரே சீராக நடந்தால், அங்கே பாம்-யூனிக்ஸ்தான் கடவுச்சொல்லின் ஹேஷை டைரக்டரியிலிருந்து வாங்கித் தானே ஒப்பிடுகிறது. டெபியன் 11 முதல் இயல்பு வடிவம் யெஸ்கிரிப்ட். டாலர்-ஒய்-டாலர் என்று தொடங்கும். எல்லா யூனிக்ஸின் கிரிப்ட் நூலகமும் எல்லா வடிவத்தையும் படிக்காது. ஹேஷை எல்லோருக்கும் புரியும் வடிவத்துக்கு இறக்குவது தீர்வல்ல. ஹேஷ் வெளியே வருவதே தவறு. என்ஐஎஸ் காலத்தில் ஒய்பி-கேட் அடித்தால் ஊராரின் ஹேஷ் எல்லாம் கொட்டியது, அந்தக் குறையைத்தான் இப்படித் திரும்பக் கொண்டுவருகிறோம். சர்வரின் அணுகல் விதியில் யூசர்-பாஸ்வேர்டு பண்புக்கு மூன்றே வரி: தனக்குத் தான் எழுதலாம், பெயரற்றவர் சரிபார்க்க மட்டும், மற்ற யாருக்கும் எதுவும் இல்லை. சேவைக் கணக்கும் அந்த ‘மற்ற’வருக்குள்தான். சரிபார்ப்பு சர்வரில் மட்டும் நடக்கட்டும்.

எஸ்எஸ்எச் அமைவு. ஃப்ரீபிஎஸ்டியில் பாஸ்வேர்டு-ஆத்தென்டிகேஷன் இயல்பாக ‘நோ’; பாம் கடவுச்சொல் கீபோர்டு-இன்டராக்டிவ் வழியாக வரும். பாதுகாப்புக்கென்று அதையும் அணைத்திருந்தால் வழியே இல்லை.

## அறிகுறி 4: மாற்றிய கடவுச்சொல் ஓரிடத்தில் புதுசு, ஓரிடத்தில் பழசு

நெட்வொர்க் இல்லாத நேரத்துக்காக மடிக்கணினிகளில் எஸ்எஸ்எஸ்டி கடவுச்சொல்லைக் கேஷில் வைத்திருந்தால், சர்வரை எட்டாதவரை பழசுதான் செல்லும். அது எதிர்பார்த்ததே.

கெர்பரோஸும் இருந்தால், பயனர் எல்டாப் கடவுச்சொல்லை மாற்றினாரா, கெர்பரோஸ் கடவுச்சொல்லை மாற்றினாரா என்று கேளுங்கள். இரண்டும் தனித்தனிப் பெட்டிகள். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதே நிரந்தரத் தீர்வு: டைரக்டரியில் ஆள் விவரம் மட்டும், கடவுச்சொல் கெர்பரோஸில் மட்டும்.

இரண்டும் இல்லை என்றால் சர்வர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இரண்டிலும் கடைசி மாற்றத்தைக் குறிக்கும் கான்டெக்ஸ்ட்-சிஎஸ்என் மதிப்பை வாங்கி ஒப்பிடுங்கள். சில நிமிடம் கழித்தும் வேறுபட்டே இருந்தால் நகலெடுப்பு நின்றிருக்கிறது. எந்தச் சர்வர் சரி என்று உறுதியாகத் தெரியாத நிலையில் ஒன்றை அழித்து மற்றதிலிருந்து நிரப்பும் வேலையில் இறங்காதீர்கள். இரண்டையும் ஸ்லாப்கேட் கட்டளையால் நகல் எடுத்துவைத்துவிட்டு வல்லுநரைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

## அறிகுறி 5: கோப்புகள் ‘நோபடி’க்கோ வெறும் எண்ணுக்கோ போய்விட்டன

‘ஐடி’ கட்டளையை அந்தப் பயனரின் பெயரோடு இரு மெஷினிலும் ஓட்டி எண்களைப் பாருங்கள்.

### ஆளின் எண் ஒன்றுதான், கோப்பு மட்டும் நோபடி பெயரில்

என்எஃப்எஸ் நான்காம் பதிப்பு எண்ணைப் பெயராக மாற்றி அனுப்புவதில் சிக்கல். லினக்ஸில் ஐடிமேப்டி கோப்பின் டொமைன் வரியும், ஃப்ரீபிஎஸ்டியில் என்எஃப்எஸ்-யூசர்டிக்குக் கொடுத்த டொமைனும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வேண்டும். திருத்திய பிறகு லினக்ஸில் என்எஃப்எஸ்-ஐடிமேப் கட்டளையைச் சின்ன சி விருப்பத்தோடு ஓட்டி கேஷைக் காலி செய்யாவிட்டால் பழைய பதிலே வந்துகொண்டிருக்கும். கெர்பரோஸ் இல்லாத என்எஃப்எஸ்ஸில் புதிய லினக்ஸ் பெயருக்குப் பதில் எண்ணையே அனுப்பும். ஃப்ரீபிஎஸ்டியையும் அப்படிச் செய்யச் சொல்லும் சிஸ்கன்ட்ரோல் மதிப்புகள் உண்டு. கிளையன்ட் பக்கம் ஒன்று, சர்வர் பக்கம் ஒன்று. இரண்டையும் போட வேண்டும்.

### எண்களே வேறு

டைரக்டரிக் கணக்கின் எண், மெஷினிலேயே உருவாக்கிய கணக்கின் எண்ணோடு மோதுகிறது. டெபியனும் இன்றைய ரெட்ஹேட்டும் 1000-இல் தொடங்கும், ஃப்ரீபிஎஸ்டி 1001-இல், மேக் 501-இல். டைரக்டரியில் கவிதாவுக்கு 1001 கொடுத்தால், ஃப்ரீபிஎஸ்டியை நிறுவியவர் உருவாக்கிய முதல் கணக்குக்கும் அதே எண். இருவரும் ஒருவர் கோப்பை ஒருவர் திறக்கலாம். இது அழகுக் குறை அல்ல, பாதுகாப்பு ஓட்டை.

எண்களை 10000 முதல் 32000 வரை ஒதுக்குங்கள். மேலே ஏன் போகக் கூடாது? ஓப்பன்பிஎஸ்டியின் நோபடி 32767, சோலாரிஸின் நோபடி 60001, சிஸ்டம்டி தற்காலிகப் பயனர்களுக்கு 61184 முதல் 65519 வரை எடுத்துக்கொள்கிறது, லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் நோபடி 65534. குழு எண்ணுக்கும் இதே வரம்பு. குழு எண் 20 மேக்கிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் ‘ஸ்டாஃப்’. டெபியனில் அதே 20 ‘டயல்அவுட்’, அதாவது சீரியல் போர்ட்டைத் திறக்கும் உரிமை. சிறிய எண்களை டைரக்டரியில் வைத்தால் இப்படி எங்கோ ஓர் உரிமை கேட்காமலே போய்ச் சேரும்.

எண்ணை மாற்றும்போது அந்தப் பயனரின் வேலைகள் எல்லாம் நின்றிருக்க வேண்டும். ஃபைண்ட் கட்டளையில் பழைய எண்ணைக் கொடுத்து, ஒரே கோப்பு முறைமைக்குள் மட்டும் தேடும் எக்ஸ்-டெவ் விருப்பத்தோடு, சி-ஓன் கட்டளைக்குச் சின்ன எச் விருப்பமும் சேர்த்து ஓட்டுங்கள். எச் இல்லாவிட்டால் குறியீட்டு இணைப்பு காட்டும் வேறு கோப்பின் உரிமை மாறிப்போகும். ஒரு மெஷின், சில ஜிகாபைட் என்றால் நீங்களே செய்யலாம். பல டெராபைட், ஏசிஎல் (தனித்தனி ஆட்களுக்கான அனுமதிப் பட்டியல்) போட்ட கோப்புகள், பழைய பேக்கப்புகள் என்று விரிந்தால் சேமிப்பக வல்லுநர் வேண்டும். பேக்கப்பைத் திருப்பும் நாளில் பழைய எண்கள் திரும்பி வரும்.

### குழுவில் இருந்தும் அனுமதி இல்லை

அவர் எத்தனை குழுவில் இருக்கிறார் என்று எண்ணுங்கள். கெர்பரோஸ் இல்லாத என்எஃப்எஸ் ஒருவருக்கு 16 குழு எண்களைத்தான் சுமக்கும். பதினேழாவது குழுவின் உரிமை சத்தமில்லாமல் விழுந்துவிடும். சர்வரே குழுக்களைத் தேடிக்கொள்ளும் மேனேஜ்-ஜிஐடிஸ் விருப்பத்தை லினக்ஸ் மவுன்ட்டியில் இயக்கினால் தீரும்.

கணக்குப் பகிர்வை எவ்வளவு இறுக்கினாலும், கெர்பரோஸ் இல்லாத என்எஃப்எஸ்ஸில் கிளையன்ட் சொல்லும் எண்ணைச் சர்வர் நம்பும் என்பதை மறக்க வேண்டாம். தன் மடிக்கணினியில் ரூட் உரிமை உள்ளவர் கவிதாவின் எண்ணில் ஒரு கணக்கு உருவாக்கினால் கவிதாவின் கோப்புகள் அவருக்குத் திறக்கும். அத்தகைய மெஷின்களுக்கு ஏற்றுமதி செய்யும் அடைவுகளில் குறைந்தது கேஆர்பி5 (கெர்பரோஸ் சரிபார்ப்பு), முடிந்தால் கேஆர்பி5பி (குறியாக்கமும் சேர்ந்தது) கட்டாயமாக்குங்கள்.

## அறிகுறி 6: கெர்பரோஸ் டிக்கெட் சிக்கல்

கடிகாரம். ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் மறுக்கும். உறங்கி எழுந்த மெய்நிகர் மெஷின்களில் இது அடிக்கடி. விலகலைப் பார்க்க லினக்ஸில் குரோனிசி டிராக்கிங், ஃப்ரீபிஎஸ்டியில் என்டிபிக்யூ, ஓப்பன்பிஎஸ்டியில் என்டிபிசிடிஎல்.

பெயர். டிக்கெட் கிடைக்கிறது, எஸ்எஸ்எச் மட்டும் மறுக்கிறது, ‘சர்வர் தரவுத்தளத்தில் இல்லை’ என்று வருகிறது. டெபியன் தன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1-க்கு எதிரே மெஷின் பெயரை எழுதி வைக்கும். அங்கே முழுப்பெயர் முதலில் வராவிட்டால் மெஷின் தன்னைக் குறும்பெயரில் அறிமுகம் செய்துகொள்ளும். அந்தப் பெயரில் கேடிசியில் (டிக்கெட் தரும் கெர்பரோஸ் சர்வர்) யாரும் இல்லை. டிஎன்எஸ்ஸில் பெயரிலிருந்து எண்ணும் எண்ணிலிருந்து பெயரும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள்.

கீடேப் (சேவையின் கெர்பரோஸ் சாவியை வைத்திருக்கும் கோப்பு). நேற்றுவரை ஓடியது, இன்று ‘சாவிப் பதிப்பு எண் தவறு’. அதே சேவைக்கு யாரோ இன்னொரு கீடேப் எடுத்திருக்கிறார்கள். எம்ஐடியில் கேடி-ஆட் ஒவ்வொரு முறையும் புதுச் சாவி உருவாக்கும். முதலில் எடுத்த கீடேப் அந்த நொடியே செல்லாக்காசு. கேவிஎன்ஓ கட்டளை தரும் எண்ணையும், கேலிஸ்ட்டைச் சின்ன கே விருப்பத்தோடு ஓட்டினால் வரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். ஹைம்டால் (எம்ஐடி அல்லாத இன்னொரு கெர்பரோஸ்) உள்ள ஃப்ரீபிஎஸ்டியில் கேடியுடில் லிஸ்ட்.

குறியாக்க வகை. ஃப்ரீபிஎஸ்டி 14 வரை அடிப்படை அமைப்போடு வரும் ஹைம்டால் பழையது. ஷா-2 சார்ந்த ஏஇஎஸ் வகைகளை அறியாது. புதிய கேடிசியில் அவற்றை மட்டும் அனுமதித்திருந்தால் ஃப்ரீபிஎஸ்டிக்கு மட்டும் டிக்கெட் கிடைக்காது. போர்ட்ஸிலிருந்து எம்ஐடி பதிப்பை நிறுவுங்கள்.

கேடிசியின் தரவுத்தளம் கெட்டாலோ மாஸ்டர் சாவிக் கோப்பு தொலைந்தாலோ பரிசோதனைகள் வேண்டாம். மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 7: லாகின் ஆகிறது, ஆனால் அரை நிமிடம் பிடிக்கிறது

பட்டியலில் முதல் சர்வர் படுத்திருந்தால் ஒவ்வொரு கேள்வியும் அதன் கதவைத் தட்டிக் காத்திருந்துதான் இரண்டாவதுக்குப் போகும். என்எஸ்எல்சிடியில் இணைப்புக்கான காத்திருப்பு இயல்பாக 10 விநாடி, 3 ஆக்குங்கள். பெரிய குழுக்கள் இருந்தால் எஸ்எஸ்எஸ்டியில் குழு உறுப்பினர் பட்டியலைத் தவிர்க்கும் விருப்பத்தை இயக்குங்கள். சர்வர் லாகில் ‘நாட் இண்டெக்ஸ்டு’ என்ற வரி ஓடிக்கொண்டிருந்தால் யுஐடி, யுஐடி-நம்பர், ஜிஐடி-நம்பர், மெம்பர்-யுஐடி ஆகியவற்றுக்குச் சமநிலை இண்டெக்ஸ் போடுங்கள். ஃப்ரீபிஎஸ்டி பூட் ஆகும்போதே தொங்கினால் என்எஸ்எல்சிடி கோப்பில் உள்ளூர்க் கணக்குகளுக்குக் குழு தேட வேண்டாம் என்னும் ‘ஆல்-லோக்கல்’ மதிப்பைச் சேர்க்க வேண்டும்.

## அறிகுறி 8: வேலையை விட்டவர் இன்னும் உள்ளே வருகிறார்

இதை யாரும் புகாராகக் கொண்டுவர மாட்டார்கள். நாமே போய்த் தேட வேண்டும். ஒரு சோதனைக் கணக்கை எஸ்எஸ்எச் சாவியோடு உருவாக்கி, பூட்டி, ஒவ்வொரு வகை மெஷினிலும் முயன்று பாருங்கள்.

சாவி வழி. டைரக்டரியில் கணக்கைப் பூட்டினால் கடவுச்சொல் வழி மட்டும்தான் அடைபடும். வீட்டு அடைவில் சாவி இருந்தால் எஸ்எஸ்எச் கடவுச்சொல்லைக் கேட்பதே இல்லை. பாமின் அக்கவுன்ட் பகுதியை மட்டும் கேட்கும். அங்கே எல்டாப் வரி இல்லாவிட்டால் கதவு திறந்தே கிடக்கும். லினக்ஸில் எஸ்எஸ்எஸ்டியின் அக்சஸ்-புரொவைடர் ‘எல்டாப்’ ஆக இருந்து, சோதனை வரிசையில் ‘பிபாலிசி’யும் (கணக்கு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது) இருக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் எஸ்எஸ்எச்டி பாம் கோப்பில் அக்கவுன்ட் வரியாகவும் பாம்-எல்டாப் வேண்டும்; என்எஸ்எல்சிடியில் பாம்-ஆத்இசட்-சர்ச் வரியில் ‘இந்த லாகின் குழுவில் இருப்பவர் மட்டும்’ என்று எழுதுங்கள். விலக்கப்பட்டவர் பட்டியலைவிட அனுமதிக்கப்பட்டவர் பட்டியல் நல்லது; யாரையாவது சேர்க்க மறந்தால் உடனே புகார் வரும், விலக்க மறந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நோலாகின் ஷெல் போதாது. ஷெல் கிடைக்காவிட்டாலும் எஸ்எஸ்எச்சின் பெரிய என் விருப்பத்தோடு போர்ட் ஃபார்வர்டிங் நடக்கும். உள் நெட்வொர்க்குக்குள் சுரங்கம் தோண்ட அதுவே போதும்.

கேஷ். எஸ்எஸ்எஸ்டி கடவுச்சொல் கேஷுக்கு இயல்பாகக் காலாவதியே கிடையாது. ஆஃப்லைன் கெடுவை நாள் கணக்கில் வையுங்கள்.

ஓடிக்கொண்டிருப்பவை. கெர்பரோஸில் அலவ்-டிக்ஸ் (டிக்கெட் வாங்கும்) உரிமையை எடுத்துவிட்டாலும் கையில் இருக்கும் டிக்கெட் ஆயுள் முடியும்வரை செல்லும். திறந்திருக்கும் எஸ்எஸ்எச் அமர்வும், ஸ்கிரீன், டிமக்ஸில் ஓடுபவையும் தானாக நிற்காது. பிகில் கட்டளையில் பயனர் பெயர் கொடுத்து ஒவ்வொரு மெஷினிலும் நிறுத்துங்கள். கிரான் அடைவையும் பாருங்கள்.

பூட்டிய பிறகும் அந்தப் பெயரில் புதிய லாகின் பதிவாகியிருந்தால் நீங்களே துப்பறிய இறங்காதீர்கள். லாகுகளை வேறு மெஷினுக்கு நகலெடுத்துவிட்டு, அந்த மெஷினை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, பவரை அணைக்காமல் விட்டு, பாதுகாப்பு வல்லுநரை வரவழையுங்கள். சேவைக் கணக்கின் கடவுச்சொல்லையும், அந்த மெஷினில் இருந்த கீடேப்புகளையும் அவர் வருவதற்கு முன்பே வேறு மெஷினிலிருந்து மாற்றிவிடலாம்.